கண்டறியப்படவில்லை

பள்ளத்தூரில் அந்த வீட்டின் பின்கட்டை
ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடாகச்
சுண்ணக்கட்டியால் கீறினோம்.
இஸ்திரிப்பெட்டி அளவில் ஆன்டெனா.
லூர்துசாமி இழுக்க, நான் திரையைப் பார்க்க,
சோலையப்பன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தேடுவது ஒற்றைத் தோடு.
ஏழு கல் வைத்தது.
எண்பத்தெட்டில், ஒரு கல்யாணத்தின் மறுநாள் காணவில்லை.
அப்போது இங்கே வெறும் மண்.
அடுத்த மாசமே ஆத்தங்குடிக் கல் பதித்துவிட்டார்கள்.
அதற்கு முன்பே
பாத்திரம் தேய்த்த பஞ்சவர்ணத்தை அனுப்பிவிட்டார்கள்.
இதை அவர் சொன்னது கட்டணம் பேசும்போது,
பேச்சோடு பேச்சாக.

புதைந்த பொருள் திரையில் பொருளாகத் தெரியாது.
நெருங்குமுன்பே எதிரொலி தொடங்கி
நேர்மேலே வந்ததும் உயர்ந்து
தாண்டிப் போனபின்னும் சரிந்துகொண்டே இருக்கும்,
கவிழ்த்த கொட்டாங்கச்சி போல.
ஆழம்கூட ஆழமில்லை, நேரம்தான்.
போய்த் திரும்பிய நானோ நொடிகளை
மண்ணின் ஈரத்தை ஊகித்து
அடிக்கணக்காக்குகிறேன்.
முந்தாநாள் மழை.
ஊகம் கொஞ்சம் நனைந்திருந்தது.

பதினேழாம் கோட்டில் ஒரு பளிச்.
பெயர்த்தோம்: கலர் பாட்டில் மூடி.
இருபத்து மூன்றில் ஆணி.
முப்பத்தொன்றில் வந்ததுதான்
எல்லாவற்றிலும் பிரகாசம்.
சோலையப்பன் வேட்டியை மடித்து
முட்டிபோட்டு அவரே தோண்டினார்.
எலி வளை.

வெறுமையும் உலோகம்போலத்தான் மின்னும்.
கறுப்பும் வெள்ளையும் மட்டும் இடம் மாறியிருக்கும்.
நான் கவனித்திருக்க வேண்டும்.

சாயங்காலம் அறிக்கை கேட்டார்.
கண்டறியப்படவில்லை என்று எழுதினேன்.
"இல்லைன்னு போடுங்களேன், சுருக்கமா."

என் அலை எட்டு சென்டிமீட்டர் நீளம்.
கட்டைவிரல் நுனிக்குக் கீழே உள்ளதெல்லாம்
அதற்கு மண்.
தோடு, துவரம்பருப்பு, சரளைக்கல்,
எதையும் அது பிரித்துப் பார்க்காது.
முன்பணம் வாங்கும்போதே சொன்னேன்,
தலையாட்டினார்.

"இங்க இல்லைன்னா அவ எடுத்ததுதானே"
நோட்டை எண்ணிக்கொண்டே கேட்டார்.
எண்ணிக்கை தப்பி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார்.

சொல்லை மாற்றவில்லை.
கீழே ஒரு வரி சேர்த்தேன்:
இரண்டு சென்டிமீட்டருக்குச் சிறியவை
இவ்விடத்தில் இருக்கக்கூடும்.

கிளம்பும்போது
பஞ்சவர்ணம் இப்போது எங்கே என்றேன்.
"அது இல்லீங்க" என்றார்.

செத்துப்போய்விட்டதா,
இந்த ஊரில் இல்லையா,
தேடவே இல்லையா.
லூர்துசாமி கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.
நான் கேட்கவில்லை.