ஏன் உதைத்தாய்

ஓடென்சே அரங்கில் இருபதுக்குப் பதினெட்டு.
வலையோரம் பாய்ந்த எஸ்கில்
நின்று, திரும்பி, என்னை முறைத்தான்:
"ஏன் உதைத்தாய்?"

நான் நாலடி பின்னால் இருந்தேன்.
சத்தம் எனக்கும் கேட்டது;
என் மட்டையின் நரம்பைத்தான்
முதலில் தடவிப் பார்த்தேன்.

குப்புறப் படுக்கவைத்து
இடது கெண்டைக்காலை அமுக்கினாள் டாக்டர் விபெக்கெ.
பாதம் மீன்வாலாய்த் துள்ளியது.
வலதை அமுக்கினாள்.
இன்னொரு முறை.
செத்த மீன்.

நாண் அறுந்திருக்கிறது, கத்தி வேண்டாம் என்றாள்.
கால்விரல் தாழ,
குதிகாலுக்கடியில் மூன்று ஆப்பு வைத்த பூட்ஸ்.
இரண்டு வாரத்துக்கு ஒன்றாய் உருவினோம்.
மூன்றாவதை அவன் வீட்டு நாய் கடித்துப்போட்டது.

ஏப்ரலில், சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு
அந்தக் குதிகாலை ஒரு விரற்கடை எழுப்பினான்.
நெற்றியெல்லாம் வியர்வை.
"இருந்தாலும்," என்றான்,
"நீதான் உதைத்தாய்."