பதிவு

முலைக்காம்பு வெடிச்சு
முதல் கிழமை முழுக்க
பல்லைக் கடிச்சுக்கொண்டு குடுத்தன்.
வலதுபக்கம் காட்டினால்
தலையைத் திருப்புவாள், கள்ளி.
கஜந்தன் பால்சுறா தேடி
பாசையூர் வரைக்கும் சைக்கிள் உழக்கினான்.
"வாயை ஆவெண்டு திறக்கட்டும்,
பிறகு கிட்டக் கொண்டுபோங்கோ"
எண்டா மருத்துவமாது.
விடிய மூண்டு மணிக்கு
நானும் அவளோடை ஆவெண்டு
வாய் திறந்தபடி இருந்தன்.

இண்டைக்குப் பிறப்புப் பதியக்
கந்தோர் வரிசையிலை நிக்கிறன்.
அவள் மச்சாளின்ரை மடியிலை நித்திரை.
பின்னுக்கு ஆரோ ஒருத்தியின்ரை பிள்ளை
வீரிட்டுது.

சுரந்திட்டுது.
ரெண்டு பக்கமும்; வலதிலைதான் கூட.
ஃபைலை நெஞ்சோடை இறுக்கினன்.
தாயின் பெயர் எழுதின இடத்திலை
மை ஊறிப் பரவுது.

"என்ன பிள்ளை, நனைஞ்சு போச்சு?"
கண்ணாடிக்கு மேலாலை பாக்கிறார் பதிவாளர்.
மழை எண்டன்.

வெளியிலை
பங்குனி வெயில்
தார் உருக்குது.