ஈயக்குண்டு

“ஒருநாள் நின்னதில்ல” என்று
நான் சொல்லி முடிக்கவும்
வண்டி நிற்கவும் சரியாக இருந்தது.

வாலிநோக்கம் விலக்கு தாண்டி
உப்பளம் தொடங்குகிற வளைவு.
ஒரு குழி. ஒரு குலுக்கல்.
பாட்டு நின்றது, காற்றாடி நின்றது,
இருந்த விளக்கெல்லாம்
ஒரே குடும்பம் மாதிரிச் சேர்ந்து அணைந்தன.
கொஞ்ச தூரம் சத்தமில்லாமல் உருண்டோம்.
அந்தக் கொஞ்ச தூரத்தில் மட்டும்
கடல் கேட்டது.

ஓட்டியவர் சீனி காதர்,
கீழக்கரையிலிருந்து வண்டி பார்க்க வந்தவர்.
சட்டைப் பையில் முன்பணம்
மடித்த இடத்தில் துருத்திக்கொண்டிருந்தது.
அதைப் பார்க்காத மாதிரிப் பார்த்தபடிதான்
ஏர்வாடியிலிருந்து பேசிக்கொண்டே வந்தேன்:
வெயிலில் போட்டதில்லை,
கடல் காற்றுப் பட்டதில்லை
(வீடு மூக்கையூரில், கரையிலிருந்து நாற்பதடி),
மீன் ஏற்றியதே இல்லை, மாதா மேல சத்தியம்.

சாவியைத் திருப்பினார்.
ஒரு ‘கிர்’கூட இல்லை.
“பெட்ரோல்ல தூசி இருக்கும்” என்றேன்.
ஹாரனை அமுக்கினார். ஊமை.
“பெட்ரோலுக்கும் ஹாரனுக்கும்
என்ன மாப்ள சம்பந்தம்?”

பானெட்டைத் தூக்கினால்
பேட்டரிக் கம்பத்தில்
பவளப்பாறை வளர்ந்திருந்தது,
நீலமும் வெள்ளையுமாக.
அவர் உப்பளத்தைப் பார்த்தார்.
பேட்டரியைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
“கடல் காத்து படாத வண்டி” என்றார்,
எனக்கு ஞாபகப்படுத்துவது போல.

குடிக்க வைத்திருந்த தண்ணீரை ஊற்றி
வீட்டுச் சாவியால் சுரண்டினார்.
பூத்ததெல்லாம் உதிர்ந்த பிறகு
மெலிந்துபோனவள் விரலில் மோதிரம் மாதிரி
கம்பத்தைச் சுற்றிச் சுழன்றது கிளாம்பு.
“இடுக்குல வைக்க
ஒரு துண்டு ஈயம் இருந்தாப் போதும்.”

ஈயம்.
இந்தப் பக்கம் கருவேல். அந்தப் பக்கம் உப்பு.
உப்பு லாரி ஒன்று
எங்கள் மேல் புழுதி போட்டுவிட்டுப் போனது.
அவர் ரோட்டோரம் குனிந்து தேடினார்.
நானும் கூடவே குனிந்து தேடினேன்
இருபது நிமிடம்,
பின்சீட்டுக்குப் பின்னால் உரச்சாக்கில்
இருநூறு ஈயக்குண்டோடு
என் வீச்சுவலை கிடப்பது தெரிந்தே.

கடைசியில் வெயில்தான் என்னைத் திறக்க வைத்தது.
டிக்கியிலிருந்து முதலில் இறங்கியது வாடை.
வலை பிறகுதான்.
மிதியடியில் ஒட்டிய செதில்கள்
சில்லறைக் காசு போல மினுங்கின,
பொறுக்கிக்கொள் என்று.

அவர் ஒன்றும் சொல்லவில்லை.
ஓரத்திலிருந்து ஒரு குண்டைப்
பல்லால் கடித்துப் பிரித்தார்,
கல்லில் வைத்துக் கல்லால் தட்டினார்,
வெற்றிலை போலத் தட்டையானதும்
கம்பத்தில் சுற்றி கிளாம்பை அமுக்கினார்.
“இப்பத் திருப்புங்க.”
பாட்டு விட்ட வரியிலிருந்து தொடங்கியது.

“எழுபத்தஞ்சு சொன்னீங்க.”
“ஆமா.”
“ஏறி உக்காந்ததுமே நெத்திலி வாடை.
எனக்கு நண்டு ஏத்தத்தான் வண்டி.
அதுக்கு ஒண்ணும் கழிக்கல.”
விரல் மடித்தார்:
“சின்னப் பொய் மூணு, ஆயிரம் வீதம்.
மாதா மேல போட்டதுக்கு நாலு.”
நான்கை மூன்றாக்கப் பேசிப் பார்த்தேன்.
மாதா விஷயத்தில் மனிதர் இறங்கவில்லை.

அறுபத்தெட்டு.
நகைக்கடன் போக
மிச்சம் ஒரு சைக்கிளுக்குத் தேறும்.

ஞாயிறு விடியலில் வலை வீசினேன்.
வட்டமாக விரிந்து விழுந்ததில்
ஓரிடம் மட்டும்
யோசித்து யோசித்து இறங்கியது.
அந்த யோசனைக்குள் புகுந்து
ஒரு மடவை வெளியே போனது.
புதுக் குண்டு கோர்க்கலாம், நேரமாகாது.
இன்னும் கோர்க்கவில்லை.
கீழக்கரை ரோட்டில் இந்நேரம்
யார் வழியையோ கேட்டு
ஹாரன் அடித்துக்கொண்டிருக்கும்
என் ஈயம்.