என்ன பாடு

"புயல் ஒடிசா பக்கம் போயிடுச்சு,
மிச்சம் நமக்கு" என்றான் அந்துவான்.

மூன்றே முக்காலுக்கு முத்தியால்பேட்டையில் கிளம்பினோம்.
எக்ஸெல்லின் பக்கவாட்டில் இரண்டு பலகை,
பழைய வலைக்கயிற்றால் கட்டியவை.
காற்று அவற்றைப் பாய் என்று நினைத்துவிடாதபடி
வழியெல்லாம் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டு வந்தேன்.

கடலூர் முதுநகர் தாண்டியதும்
ஆலைகளின் அழுகிய முட்டை வாடை.
மூச்சடக்கிப் பழக அதைவிட நல்ல இடமில்லை.
பிறகு சவுக்கு.
பிறகு சவுக்கும் இல்லை.
அச்சுவரை மணலில் இறங்கி வண்டி நின்றுவிட்டது.

மணல்மேட்டில் பலகையைத் தலையில் வைத்து நடக்க
ராவணன் மீசை உருண்டு வந்து குதிகாலைக் குத்தியது.
அந்தப் பக்கம்,
துறைமுகம் என்று தொடங்கி
யாரோ பாதியில் மறந்துபோன கல்வரிசை,
கடலுக்குள் நீண்டு வளைந்து
புள்ளி வைக்காத கேள்விக்குறியாக.
அதன் முனையில்தான் அலை முதலில் உடைகிறது.
அங்கிருந்து கல்லோரமாகவே தெற்கே,
பனங்கிழங்கின் தோல் உரிவதுபோல
நுனியிலிருந்து அடிவரை
ஒரே இழுப்பு.

வேளாங்கண்ணியில் ஏற்றி மிஞ்சிய மெழுகுவத்தியைப்
பலகையில் தேய்த்தான்.
பாதியை ஒடித்து எனக்கும் கொடுத்தான்.
எங்கள் அங்காளம்மன் ஒன்றும் சொல்லவில்லை.

கச்சான் கரையிலிருந்து வீசி
அலையின் முகத்தைச் சீவிவிட்டுக்கொண்டிருந்தது.
ஒரு ஃபைபர் படகு வேகம் குறைத்து அருகே வந்தது.
"யம்மா, கல்லுக்குள்ள கம்பி நிக்குது.
போன மாசம் என் வலையே போச்சு."
அவர் கைகாட்டிய இடம்
நான் திரும்பலாம் என்று குறித்து வைத்திருந்த இடம்.

முதல் அலை என் மேலேயே உடைந்தது.
இரண்டாவதில் எழுந்தேன்,
எழுந்ததை நினைத்தேன்,
விழுந்தேன்.

மூன்றாவது.
பதினோரு நொடி என்பது அந்துவானின் கணக்கு.
எனக்குத் தெரிந்தது அந்தக் கம்பி மட்டும்.
துருவேறிக் கூனி
ஒரு முழம் தள்ளி என்னைக் கடந்துபோனது.
அதன்மேல் ஒரு நண்டு
பேருந்துக்குக் காத்திருப்பதைப்போல் உட்கார்ந்திருந்தது.

ஏழரைக்குக் கொண்டல் எழுந்தது.
அலை குழம்பி, முகம் கெட்டு,
எங்களை அறியாத கடலாகிவிட்டது.

வண்டியைத் தோண்டிக்கொண்டிருந்தபோது
அதே படகுக்காரர், அஞ்சாப்புலி என்றார் பேர்,
கூடையோடு மேடேறி வந்தார்.
"என்ன பாடு?"
கடலிலிருந்து வருகிற எவரையும் கேட்கிற கேள்வி.
"மூணு" என்றேன்.
"எனக்கு ரெண்டு" என்றான் அந்துவான்.
வெறுங்கைகளைப் பார்த்தார்.
தன் கூடையைப் பார்த்தார்,
அடியில் கொஞ்சம் சங்கரா.
"இன்னிக்கு நம்ம யாருக்கும் சரியில்ல" என்று சொல்லிப்
பின்சக்கரத்துக்குத் தோள்கொடுத்தார்.

மத்தியானம் மருந்துக்கடையில்
யாருடைய சீட்டையோ குனிந்து படித்தபோது
என் மூக்கிலிருந்து ஒரு கை கடல் ஒழுகி
ரத்த அழுத்த மாத்திரை மேல் சொட்டியது.
வேறு அட்டை எடுத்துக் கொடுத்தேன்.