முன்னூற்று இருபத்தொன்று

மஞ்சக்குப்பம் கோர்ட்டுக்கு எதிரே
ஜெராக்ஸ், டைப்பிங், நோட்டரி
மூன்று பலகை, ஒரே கடை.
பாடலீசன் சார் பி.பி.யாக இருந்த நாளில்
அவர் சொல்லச் சொல்ல அடித்தவள் நான்.
நிறுத்தக்குறியையும் சொல்வார்.
"கமா போடு எஸ்தர், ஜட்ஜ் அங்கே மூச்சு விடட்டும்."

பெண்ணையாற்றில் மணல் லாரியை மறித்துச் செத்த
தலையாரி நயினாரின் வழக்கு அப்போது வந்தது.
எதிரிகள் ஒன்பது பேர்.
முதல் பெயர் லாரி முதலாளி சக்கரபாணி.
நயினாரின் மனைவி அஞ்சலாட்சி
கடை பெஞ்சில் உட்கார்ந்து என் விரலையே பார்ப்பாள்.
"இதுல எங்க வூட்டுக்காரர் பேரு எங்கம்மா வருது?"
காட்டினேன். தொட்டாள்.
திரையில் அந்தத் தடம் கொஞ்ச நாள் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை சென்னையிலிருந்து தாள் வந்தது.
பிரிவு முன்னூற்று இருபத்தொன்று:
அரசு வழக்கறிஞர் மனு போட்டால்
வழக்கைத் திரும்பப் பெறலாம்.
பொதுநலன் கருதி, என்று தொடங்கியிருந்தது.
சார் நின்றபடியே பதில் சொன்னார்:
"பொதுநலன் எனில், அது யாருடைய நலன் என்று
இக்கடிதம் கூறவில்லை.
இறந்தவரும் பொதுமக்களில் ஒருவரே."
ஏகாரத்தை விட்டிருந்தேன்.
குனிந்து பார்த்து, போடச் சொன்னார்.

மறுவாரம் அந்த அறைக்கு வேறு பெயர்ப்பலகை.

அந்த ஏகாரம்தான் அவரைத் தேர்தலுக்கு இழுத்துப் போயிற்று.
முதுநகரிலிருந்து செம்மண்டலம் வரை சுவரொட்டி,
கறுப்பு கோட்டோடு.
பிரமாணப் பத்திரம் நான்தான் அடித்தேன்.
ஒரு ஸ்கூட்டர். மனைவியின் பதினாறு பவுன்.
நிலுவையிலுள்ள வழக்குகள்: இல்லை.
தேவனாம்பட்டினத்தில் மீன்காரர்களைப் பார்த்து
"கனம் கோர்ட்டார் அவர்களே" என்று வாய் தவறிக் கூப்பிட்டார்.
அந்தக் கைதட்டலிலேயே ஜெயித்தார்.
அஞ்சலாட்சி போட்டது நாலு முழம் சாமந்தி.

கெடிலம் கடைக்குள் முழங்கால் வரை வந்த வருடம்
படகில் வந்து எட்டிப் பார்த்தார்.
"கம்ப்யூட்டர் போச்சா?"
"ஹார்ட் டிஸ்க்கை அரிசிப் பானையில் வச்சிருக்கேன் சார்."
சிரித்தார். பழைய சிரிப்புதான்,
அதில் பொய் இருந்ததாக நான் சொல்லமாட்டேன்.

அடுத்த தேர்தலில் பிரமாணப் பத்திரம் பதினோரு பக்கம்.
பென் டிரைவில் வந்தது, உதவியாளர் கையில்.
கமாவெல்லாம் யாரோ போட்டிருந்தார்கள்.

சக்கரபாணி கட்சி மாறிய மேடையில்
சால்வை போர்த்தியவர் சார்.
வழக்கு மட்டும் மாறாமல்
எழுபத்தொரு வாய்தா நடந்தது.
சாட்சிகளில் இருவர் இறந்தார்கள், ஒருவர் பிறழ்ந்தார்.

நேற்று புது பி.பி.யின் ஜூனியர் வந்தான்.
பிரிவு முன்னூற்று இருபத்தொன்று, என்று அடித்தேன்.
"சட்டம் மாறிடுச்சுக்கா. இப்ப முன்னூற்று அறுபது."
அழித்து அடித்தேன்.
பொதுநலன் கருதி. அதற்கு எண் மாறவில்லை.
பார்வையில், சட்டமன்ற உறுப்பினரின் பரிந்துரைக் கடிதம்.
கூலி நாற்பது ரூபாய்.
வாங்கிக்கொண்டேன்.

இன்று அஞ்சலாட்சி,
ஆட்சேபணை மனு போட.
"அப்ப சார் என்னவோ எழுதுனாரே,
அதையே போடு."

அரிசிப் பானையில் பிழைத்த கோப்பைத் திறந்தேன்.
பாமினியில் அடித்தது.
புதுக் கம்ப்யூட்டருக்கு அந்த எழுத்துரு தெரியாது.
வரி முழுக்க ஆங்கிலச் சிதறல், அரைப்புள்ளி, அடைப்புக்குறி.
"இது என்னா பாஷை?" என்றாள்.
ஏகாரம் மட்டும் ஒரு பெரிய எழுத்தாய்
வரிக்கு மேலே தலை நீட்டி நின்றது.
கண்ணை மூடிக்கொண்டேன்.
விரல்கள் பழைய இடங்களுக்குப் போயின.
அவர் சொன்ன இடத்தில் கமா வந்தது,
அவர் மூச்சு விட்ட இடத்தில் நானும் விட்டேன்.

"எத்தனை காப்பி?"
கோர்ட்டுக்கு ஒன்று, பி.பி.க்கு ஒன்று,
தனக்கு ஒன்று. எண்ணிக்கொண்டே வந்தவள்
முந்தானை முடிச்சை அவிழ்த்து இன்னும் ஒரு நாணயம் வைத்தாள்.

"சாருக்கும் ஒண்ணு எடு."