ஈயின் எச்சம்

பாசலில், ரைன் பக்கத்து மூன்றாம் மாடி அறையில்
முன்னூறு வருஷத்துக் கையெழுத்தின் நகலை
ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்திருக்கிறாள் ஒட்டிலி.
நாலாம் சுரத்தின் தோளில் ஒரு கறுப்பு.

புள்ளி என்றால் இது நீளும், அடுத்தது ஓடும்.
ஈ எச்சம் என்றால்
இரண்டும் சமமாய் நடக்கும்.

மதியம் முழுக்க இதே வழக்கு.
மையை இழுத்தார்கள், பிரெஞ்சுக்காரர் பழக்கத்தை இழுத்தார்கள்.
"எழுதியது ஜனவரி, ஈ ஏது?" என்றான்
லூட் வாசிக்கும் ரெட்டோ.

நான் வாய் திறக்கவில்லை.
ஆட்டுக்குடல் தந்தி வெயிலில் இளகி
சுருதி இறங்கிக்கொண்டே இருந்தது; முறுக்கினேன்.
நாளைக்குத் தேர்வு.

புள்ளியோடு ஒருமுறை வாசித்தேன். சரியாக இருந்தது.
ஈயோடு வாசித்தபோது
யாரோ படியிறங்கி வருகிற மாதிரி,
அவசரமில்லாமல்,
கையில் ஒன்றுமில்லாமல்.

ஒட்டிலி பென்சிலைக் கீழே வைத்தாள்.
"மறுபடி," என்றாள்,
"அந்த ஈ."