ரெண்டு எம்

கொட்டாஞ்சேனை, மூன்றாம் மாடி டியூஷன்.
க்ளோ, க்ளீம், க்ளிட்டர், க்ளிமர், க்ளெயர்
என்று பலகையில் எழுதி முடிக்கவும்
கரண்ட் போகவும் சரியாக இருந்தது.

"எல்லாம் ஒரே வீட்டுப் பிள்ளைகளா, டீச்சர்?
எல்லாருக்கும் ஒரே இனிஷியல்."

நுளம்புச் சுருளின் நுனியைக் காட்டினேன்: க்ளோ.
அஸ்மத் போன் டோர்ச்சை என் முகத்தில் அடித்தான்.
க்ளெயர், என்றேன், திருப்படா அதை.
திருப்பினான்.
ஜெனிற்றாவின் செருப்பில் பாதி உதிர்ந்த ஜிகினா,
க்ளிட்டர்.
க்ளீமுக்கு நான் தடுமாற
நேற்று மழித்த தன் தலையைக் குனிந்து தந்தான்.

க்ளிமருக்கு என்னிடம் ஒன்றுமில்லை.
புத்தகம் 'நம்பிக்கை' என்கிறது.
பத்து வயதுக்கு அதை
எதைக் கொண்டு காட்டுவது?

ஜன்னலோரம் இருந்தவன்தான் சொன்னான்:
"அந்தா, டீச்சர், கடலில். காஸ் கப்பல்.
காசு கட்டினால்தான் உள்ளே வருமாம்.
நாலு நாளாக அங்கேயே நிற்குது."

கதிரைகள் சரிய எல்லாரும் ஓடினார்கள்.
இருக்கு என்றது ஒரு குரல்.
இல்லை.
இல்லை, இருக்கு, இருக்கு.

காலையில் என் சிலிண்டரைப்
படுக்கப் போட்டு உருட்டித்தான்
தேத்தண்ணி கொதித்தது.

"ரெண்டு எம்மா, டீச்சர்?"
இருட்டிலும் எழுதிக்கொண்டிருந்தாள் ஜெனிற்றா.

ரெண்டு, என்றேன்,
கப்பலை விட்டுக் கண்ணெடுக்காமல்.